உன் பல்லில் நான் வைத்த மெழுகு

பிரவீனுக்கு,

ஹெல்மெட்டைத் தூக்கியிருப்பாய், உள்ளே இந்தத் தாள்கள் மடித்துக் கிடந்திருக்கும். வேண்டுமென்றேதான் அங்கே வைத்தேன். ஒரு மாதமாக நான் 'பல்' என்று வாயைத் திறந்தால் போதும், நீ ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிடுகிறாய். ஹெல்மெட் போட்டவனிடம் பேசுவதற்குப் பதில் சுவரிடம் பேசலாம். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து படி. நின்றுகொண்டு படித்தால் பாதியில் கிளம்பிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்தில் தப்பு இருந்தால் சிரித்துக்கொள். ஆனால் கடைசி வரைக்கும் படி.

இன்னும் இருபது நாளில் நீ மஸ்கட்டுக்குப் போகிறாய். பெட்டி பாதி நிரம்பிவிட்டது. ஊறுகாய், பருப்புப்பொடி, உன் அப்பா ஜோலார்பேட்டையில் வாங்கி வந்த பூட்டு என்று எல்லாம் ஏறிவிட்டன. அதோடு உன் இடது பக்கக் கடைவாய்ப் பல்லும் அதன் குழியோடு ஏறப்போகிறது. உனக்குத் தெரியாது, நான் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் கறித்துண்டையெல்லாம் அப்பா தட்டுக்குத் தள்ளிவிட்டு நீ சோற்றை மட்டும் விழுங்குகிறாய். குளிர்ந்த தண்ணீரைத் தலையைச் சாய்த்துக் குடிக்கிறாய். துவைக்கப் போட்ட சட்டைப் பாக்கெட்டில் வலி மாத்திரை அட்டை இருந்தது, பத்தில் ஒன்றுதான் மிச்சம். கேட்டால் "தலவலிம்மா" என்கிறாய். தலைவலிக்காரன் எவனாவது ஒரு பக்கக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டிவி பார்ப்பானா?

இதையெல்லாம் பார்த்தும் நான் எழுத உட்காரவில்லை. நேற்று சாயங்காலம்தான் உட்கார வேண்டியதாகிவிட்டது. காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். நீ கண்ணாடி முன்னால் நின்றிருந்தாய். வாயிலிருந்த சூயிங்கத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளினாய். உருட்டினாய். வாயை அகலத் திறந்து அந்தக் குழியில் வைத்து அமுக்கினாய். அப்புறம் நகத்தால் ஓரத்தை வழித்து, விரலால் மேலே ஒரு முறை தேய்த்துச் சமமாக்கினாய். எனக்குக் கையிலிருந்த துணி நழுவிவிட்டது. கிள்ளுவது, அமுக்குவது, வழிப்பது, தேய்ப்பது என்று அந்த வரிசை என்னுடையது. இருபத்திரண்டு வருஷம் ஷூ கம்பெனியின் ரிப்பேர் டேபிளில் நின்று நான் செய்த வேலை அது. அதை உன் வாயில் முதலில் செய்தவளும் நான்தான்.

உனக்கு அது எவ்வளவு ஞாபகமிருக்கிறதோ தெரியாது. பதினெட்டு வருஷமாக நாம் இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசியதில்லை. அதனால் முழுசாகவே சொல்கிறேன்.

உனக்குப் பத்து வயசு. ஐந்தாம் வகுப்பு. வலது பக்கம் கீழே கடைவாய்ப் பல்லில் ஒரு கறுப்புப் புள்ளி. நான் பார்த்தேன், பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். பால் பல்தானே, விழுந்து வேறு முளைக்கும் என்று நினைத்தேன். என்னோடு வேலை செய்த அத்தனை பேரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆறு வயசில் பால் பற்களுக்குப் பின்னால் கடைசியில் ஓசையில்லாமல் முளைக்கிற அந்தப் பல் ஆயுசுக்கும் ஒன்றுதான், அது விழாது, விழுந்தால் மறுபடி முளைக்காது என்று எங்களில் ஒருத்திக்கும் தெரியவில்லை. உனக்கு நாளைக்கு ஒரு பிள்ளை பிறந்தால் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்.

புள்ளி குழியாயிற்று. சோறு போய் மாட்டிக்கொண்டு நீ அழுதாய். கம்பெனியில் அது சரக்கு கப்பலேறுகிற ஷிப்மென்ட் சமயம், லீவு கிடைக்காது. என் வேலை என்னவென்று உனக்குச் சொன்னதேயில்லை, இப்போது சொல்கிறேன். தைத்து முடிந்து வருகிற ஷூவில் சில சமயம் தோலில் கீறல் இருக்கும், சின்னப் பள்ளம் இருக்கும். அதைத் தூக்கிப் போட முடியாது. என் டேபிளுக்கு வரும். அந்த நிறத்து மெழுகுக் குச்சியை உருக்கிப் பள்ளத்தில் அடைப்பேன், சூடான சின்ன இஸ்திரியால் இழுப்பேன், துணியால் தேய்ப்பேன், மேலே கலர் அடிப்பேன். செக்கர் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். பள்ளம் தட்டுப்படவில்லை என்றால் பாஸ். உள்ளே தோல் எப்படி இருந்தால் எங்களுக்கென்ன? மேலே வழவழப்பாக இருந்தால் போதும்.

உன் பல்லையும் நான் அப்படித்தான் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை வெள்ளை மெழுகில் சுண்டுவிரல் நகமளவு கிள்ளி, டிபன் பாக்ஸின் மூடிக்குள் ஒட்டி, கேட்டில் பையைச் சோதிக்கிறவர்களுக்குத் தெரியாமல் கொண்டு வந்தேன். வீட்டில் அதை விரலில் உருட்டி இளக்கி உன் குழியில் வைத்து அமுக்கி, நகத்தால் வழித்து, தேய்த்தேன். நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு நீ சிரித்தாய். "பள்ளமே இல்லம்மா" என்றாய். நான் "பாஸ்" என்றேன். எனக்கு அவ்வளவு பெருமை. சோறு மாட்டாததால் சனிக்கிழமை முழுக்க வலியும் இல்லை. உள்ளே இருந்த அழுக்கையும் கிருமியையும் மூடி போட்டு உள்ளேயே அடைத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாய்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் கெஞ்சி இரண்டு மணி நேரத்துக்கு அவுட்பாஸ் வாங்கினேன். பத்து மணிக்கு வெளியே, பன்னிரண்டுக்கு உள்ளே. பள்ளிக்கூடத்திலிருந்து உன்னைக் கூட்டிக்கொண்டு பஜாரில் மாடியிலிருந்த ஒரு பல் டாக்டரிடம் போனேன். வயசானவர், இப்போது இல்லை. ஒரே அறை, நடுவில் ஒரு துணித்திரை, அந்தப் பக்கம் பெஞ்சில் நாலு பேர். அதில் ஒருத்தி எங்கள் கம்பெனிக்காரி, கட்டிங் செக்ஷன். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் உன் வாயில் கண்ணாடியை விட்டார், பஞ்சு வைத்தார், ஒரு கொக்கியால் சுரண்டினார். எடுத்ததை விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, மெழுகா? யாரு வச்சது?"

திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. கம்பெனிப் பொருளை வெளியே கொண்டு வந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள்.

"தெரில சார். ஸ்கூல்ல கிரேயான் அது இதுன்னு இன்னாத்தயாவது கடிச்சிக்கினே இருப்பான். நான் இன்னா பண்றது, பேஜாரா போச்சி இவனோட."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்துக்கொண்டே, "ஏன்டா, கிரேயான் துன்றியா நீ?" என்று கேட்டார். உன் வாயில் பஞ்சும் கண்ணாடியும் இருந்தன. உன்னால் ஒரு எழுத்துகூடச் சொல்ல முடியாது. நீ டாக்டரைப் பார்க்கவில்லை. கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாய். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அப்போது மணி பதினொன்றேகால். டாக்டர் சொன்னார், "ஆழமா போயிருக்கும்மா. மரத்துப்போற ஊசி போட்டுட்டு சுத்தம் பண்ணா வலி கம்மியா இருக்கும். ஊசி போட்டு கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்க." நான் "ஊசிலாம் வேணாம் சார், டைம் இல்ல. புள்ள தாங்குவான். சும்மா அடச்சி மட்டும் விடுங்க, ஜாஸ்தி நோண்டாதீங்க" என்றேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மிஷின் ஓடியது. நீ துள்ளினாய். உன் இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடியில் வைத்து என் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தேன். ரிப்பேர் டேபிளுக்கு வருமுன் லாஸ்டிங் மிஷினில், ஷூ அச்சின் மேல் தோலை இழுத்துப் பிடித்த கை இது, உன்னால் அசைக்க முடியவில்லை. "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லிக்கொண்டே பிடித்தேன். உன் சத்தம் தொண்டையிலேயே நின்றது. பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கம்பெனி கேட்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் பொய் சொன்னேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. கட்டிங் செக்ஷன்காரி இல்லாவிட்டாலும் நான் அந்தப் பொய்யைத்தான் சொல்லியிருப்பேன். பெற்ற பிள்ளையின் பல்லில் ஷூ மெழுகை வைத்தவள் என்று நாலு பேர் என்னைப் பார்ப்பதை என்னால் தாங்கியிருக்க முடியாது. அதற்குப் பதிலாக உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கேவலமாக இருக்கிறது பிரவீன்.

அதோடு விட்டேனா? டாக்டர் அன்று வைத்தது தற்காலிக மருந்து. "வலி அடங்குதான்னு பாத்துட்டு பத்து நாள்ல வாங்க, அப்ப நிரந்தரமா அடைக்கிறேன்" என்று மூன்று முறை சொல்லி அனுப்பினார். பத்து நாளில் உனக்கு வலி இல்லை. பள்ளமும் இல்லை. என் கணக்கில் பாஸ். இன்னொரு அவுட்பாஸுக்குக் கெஞ்ச எனக்கும் மனசில்லை, அந்த நாற்காலியின் பேச்சை எடுத்தாலே நீ கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாய். தற்காலிக மருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போயிற்று. நீ பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது வேர்க்கடலை சாப்பிடும்போது பல் இரண்டாக உடைந்தது. பிடுங்கத்தான் முடிந்தது. அன்றைக்கு நீ என்னைக் கூப்பிடாமல் ஒரு சிநேகிதனோடு போனாய். வாயில் பஞ்சோடு வந்து நின்றாய். அதற்குப் பிறகு நீ எந்தப் பல் டாக்டரின் படியும் மிதிக்கவில்லை.

நீ பயந்தாங்கொள்ளி என்று அப்பா கேலி செய்கிறார். பாம்பைக் கையால் பிடிக்கிற பையன் பல்லுக்குப் பயப்படுகிறான் என்கிறார். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். உன் பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான், சிரித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் எனக்கே மேல் பல்லில் ஒரு ஓரம் பெயர்ந்தது. உன்னிடம் சொல்லாமல் தனியாகப் போனேன். பைபாஸ் பக்கம் ஒரு மாடிக்குப் புதிதாக வந்திருக்கிற டாக்டர், குடியாத்தத்துப் பெண், வீட்டில் லுங்கித் தறி ஓடுகிறதாம். நாற்காலியில் சாய்த்ததும் எனக்கு மூச்சு முட்டியது. தலை கீழே, கால் மேலே, வாய்க்குள் இரண்டு பேர் கை, கண்ணுக்கு நேராக விளக்கு, எழுந்து ஓட வழியில்லை. நான் பெரியவள், என் காலால் நடந்து வந்தவள், எனக்கே இப்படி. உன்னை நினைத்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்றேன். வலிச்சாலும் சரி, பயமா இருந்தாலும் சரி, சும்மா எச்சில் முழுங்கணும்னாலும் சரி, இடது கைய தூக்குங்க. நான் ஒடனே நிறுத்திடுவேன்."

நான் நம்பவில்லை. மிஷின் ஓட ஆரம்பித்ததும் சும்மா கையைத் தூக்கினேன். நின்றது. மறுபடி ஓடியது, மறுபடி தூக்கினேன். நின்றது. மூன்றாவது முறை அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டெஸ்ட் பண்றீங்களா? பண்ணுங்க, பண்ணுங்க" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் பதறினாள். வலியே இல்லை. கையைத் தூக்கினால் நிறுத்துவார்கள் என்று தெரிந்திருந்தால் உனக்கும் அதைச் சொல்லியிருக்கலாமே. நான் பிடித்து வைத்தது அந்தக் கையைத்தானே.

அங்கே நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். முதலில் எக்ஸ்ரே எடுப்பாள். குழி எவ்வளவு ஆழம் என்று அதில்தான் தெரியும். நரம்பைத் தொடவில்லை என்றால் அடைத்துவிடலாம். தொட்டுவிட்டால் அடைத்துப் பிரயோஜனமில்லை, வேருக்குள் சுத்தம் செய்ய வேண்டும், இரண்டு மூன்று முறை போக வேண்டி வரும். அதனால்தான் இருபது நாள் இருக்கும்போதே கத்துகிறேன். சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் சொல்லிவிடு, அந்த அட்டை மாத்திரையையும் சேர்த்து. முன்பு எந்த ஊசி, எந்த மருந்தாவது உனக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் சொல். ஊசி போடும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும், பொய் சொல்ல மாட்டேன். பிறகு உதடு தடித்துப்போய் வேறு யாருடைய உதடோ மாதிரி தொங்கும். நன்றாக மரத்துப்போகும் வரை காத்திரு, மரக்கவில்லை என்றால் மரக்கவில்லை என்று சொல், இன்னும் கொஞ்சம் போடுவார்கள். மிஷின் அதிரும், சத்தம் போடும், வலி இருக்கக் கூடாது.

சொத்தையை முழுக்க எடுத்த பிறகுதான் அடைக்கிறார்கள். இதுதான் எனக்கு அத்தனை வருஷம் தெரியாமல் போனது. எடுத்த கறுப்பைக் கண்ணாடியில் காட்டினாள். என் டேபிளில் நான் எதையும் எடுத்ததே கிடையாது, மேலே பூசினேன், அவ்வளவுதான். அடைத்த பிறகு ஒரு நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொன்னாள். எனக்கு ஒரு பக்கம் தூக்கலாக இருந்தது. சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு "சரியா இருக்கு" என்று வந்துவிட்டேன். மூன்று நாள் மெல்ல முடியாமல் தவித்துவிட்டு மறுபடி போனால், இரண்டு நிமிஷத்தில் தேய்த்துச் சரி செய்துவிட்டு, "உங்க வாய்ல இன்னா நடக்குதுன்னு நீங்க சொன்னாதாம்மா எனக்கு தெரியும்" என்றாள். இன்னொரு கூத்து, மரப்பு தெளிவதற்குள் முறுக்கு தின்று என் கன்னத்தை நானே கடித்துக்கொண்டேன். நீ அந்த வேலை செய்யாதே. நாலைந்து நாள் குளிர்ந்தது கூசினால் பயப்படாதே. வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால் மாத்திரை போட்டு மறைக்காமல் திரும்பிப் போ. தற்காலிகமாக எதையாவது வைத்து அனுப்பினால், எந்தத் தேதிக்கு வரச் சொன்னாளோ அந்தத் தேதிக்குப் போ. இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவள் இந்த ஆம்பூரில் இல்லை. அடைத்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை என்றும் நினைக்காதே. அதுவும் தேயும், ஓரம் விடும், அப்போதைக்கப்போது காட்ட வேண்டும்.

மஸ்கட்டில் இரண்டு வருஷ ஒப்பந்தம். அங்கே வேலை நேரத்தில் வெளியே போக உனக்கும் யாராவது ஒரு சீட்டு எழுதித் தர வேண்டியிருக்கும். உன் சூப்பர்வைசர் எப்படிப்பட்டவனோ. ஒரு பக்கம் பல்லே இல்லை, இன்னொரு பக்கம் வலி, தெரியாத ஊரில் நாலு சுவருக்குள் நீ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவுட்பாஸுக்காக ஓடியவள் சொல்கிறேன், அதில் மாட்டிக்கொண்டால் மனுஷனுக்குப் பிள்ளையின் முகம்கூடத் தெரியாது.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு உன் பெயரை எழுதிவிட்டு வந்திருக்கிறேன். திட்டாதே. அந்த டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "யாரு வச்சது?" என்று பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டார்களே, அதற்குப் பதில் சொல்லிவிட்டேன். கிரேயான் இல்லை, மெழுகு, வைத்தது நான் என்று. வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும். இந்தக் கடிதத்தையும் நீ யாருக்கு வேண்டுமானாலும் படிக்கக் கொடு. பொய்யை நாலு பேர் முன்னால் சொன்னேன், உண்மையை ஊரே படிக்கட்டும். அந்தப் பெண் சீட்டில் என்னமோ எழுதிக்கொண்டாள். உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டாள், நீ எதையும் விளக்க வேண்டாம்.

நீ போகாவிட்டால் உன்னை இழுத்துக்கொண்டு போக மாட்டேன். ஒரு முறை இழுத்துக்கொண்டு போனதே போதும். போவதாக இருந்தால் மாடிப்படி வரைக்கும் வருகிறேன், அதற்கு மேல் வர மாட்டேன். கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், எவ்வளவு நேரம் ஆனாலும். மேலே அந்த நாற்காலியில் உன்னை யாரும் பிடிக்க மாட்டார்கள். உன் கை இரண்டும் உன்னிடமே இருக்கும். இடது கையைத் தூக்கு, அவள் நிறுத்திவிடுவாள்.

அந்த மெழுகை வைத்த
உன் அம்மா